ஆல்பா சென்டாரி: ஏழு அணிகளும் சில படிகளும்

ஆல்பா சென்டாரி என்ற கணினி ஆட்டத்தில் எந்த அணி பலமானது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் அணியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் தெரியும் கூட்டல் குறிகளை எண்ணிப் பதில் சொல்கிறார்கள். ஆராய்ச்சி +2 என்று போட்டிருக்கிறது, அதனால் ஸகாரோவ் என்ற தலைவரின் அணி. மன உறுதி +2, அதனால் போருக்கு சாந்தியாகோ. லாலுக்கு நிர்வாகத்தில் ஒரு கழித்தல், அப்புறம் எல்லாத் தலைவர்களும் ஓட்டுப் போடும் கவுன்சிலில் இரட்டை ஓட்டு, அவரை யார் எடுப்பார்கள்? இந்தக் கணக்கில் பாதிக்கு மேல் தப்பு என்பதுதான் என் கட்சி. என்னைக் கேட்டால் லாலைத்தான் முதலில் எடுப்பேன், சாந்தியாகோவைக் கடைசியில். ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1999-இல் வெளிவந்தது, உருவாக்கியது ஃபிராக்ஸிஸ் நிறுவனம், வடிவமைப்பில் முதன்மையானவர் பிரையன் ரெனால்ட்ஸ், பெட்டியின் மேல் இருக்கும் பெயர் சிட் மையர். பூமியிலிருந்து கிளம்பிய யூனிட்டி என்ற கப்பல் ஆல்பா சென்டாரிக்குப் போய்ச் சேரும் நேரத்தில் உடைந்து, உள்ளே இருந்தவர்கள் ஏழு தலைவர்களின் கீழ் ஏழு அணிகளாகப் பிரிந்து கிரகத்தில் இறங்குகிறார்கள். ஒரு சுற்று என்பது ஒரு வருடம். மற்ற பேரரசு ஆட்டங்களில் நாடுகள் இருக்கும் இடத்தில் இங்கே கொள்கைகள் இருக்கின்றன: ஸகாரோவ் விஞ்ஞானம், மோர்கன் வியாபாரம், மிரியம் மதம், சாந்தியாகோ ராணுவம், டியர்ட்ரே இயற்கை, யாங் இரும்புப்பிடி, லால் ஐக்கிய நாடுகள் சபையின் மிச்சம்.

ஒவ்வொரு அணிக்கும் பொருளாதாரம், நிர்வாகத் திறன், பராமரிப்பு, மன உறுதி, போலீஸ், வளர்ச்சி, கிரகம் (அங்குள்ள உயிர்களோடு ஒத்துப்போவது), உளவு, உற்பத்தி, ஆராய்ச்சி என்று பத்து அளவீடுகள் உண்டு. அணியோடு பிறந்த கூட்டல் கழித்தல் கொஞ்சம், நாம் சோஷியல் இன்ஜினியரிங் திரையில் தேர்ந்தெடுக்கும் ஆட்சி முறை, பொருளாதாரம், விழுமியம் ஆகியவற்றிலிருந்து வருவது மீதி. கவனிக்க வேண்டியது இங்கேதான். சில அளவீடுகள் ஒரே சீராக ஏறும். உற்பத்தியில் ஒவ்வொரு +1-க்கும் கட்டுமானச் செலவு 10% குறையும், ஆராய்ச்சியில் ஒவ்வொரு +1-க்கும் 10% கூடும், அதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆனால் வேறு சிலவற்றில் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொடும் வரை பெரிதாக ஒன்றும் நடக்காது, தொட்டவுடன் ஆட்டமே மாறும். பொருளாதாரத்தில் அந்த எண் +2. வளர்ச்சியில் +6. உளவில் மேலே +3, கீழே -2. ஒரு அணி நல்ல அணியா என்பதை நான் பார்ப்பது அது இந்தப் படிகளை எவ்வளவு மலிவாகத் தொடுகிறது என்பதை வைத்துத்தான். அதற்கடுத்து, அதற்குத் தடை செய்யப்பட்ட தேர்வு எது என்பது. எல்லா அணிக்கும் ஒரு கதவு மூடியிருக்கும். மூடிய கதவு நமக்குத் தேவையே இல்லாததாக இருந்தால் அந்தத் தண்டனை இலவசம்.

மோர்கனிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவரிடம்தான் இது மிகத் தெளிவாகத் தெரியும். பொருளாதாரம் +2-ஐத் தொட்டால் உங்கள் மக்கள் வேலை செய்யும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எனர்ஜி (இந்த ஆட்டத்தின் பணம்) கூடுதலாகக் கிடைக்கும். +1-இல் கிடைப்பதோ அற்பம். மற்ற அணிகள் பொதுவாக இந்த +2-ஐத் தொட ஒரே வழி தடையற்ற சந்தை. அதற்கு விலை என்ன? கிரகம் -3, போலீஸ் -5. போலீஸ் அவ்வளவு கீழே போனால், எல்லைக்கு வெளியே நிற்கும் ஒவ்வொரு ராணுவ யூனிட்டுக்கும் அதை அனுப்பிய தளத்தில், அதாவது ஊரில், இரண்டு பேர் கூடுதலாகக் கலகக்காரர்களாக மாறுவார்கள். அதாவது பணமும் போரும் ஒரே நேரத்தில் கிடையாது. மோர்கனுக்குப் பிறவியிலேயே +1 இருக்கிறது. செல்வம் என்ற விழுமியத்தை எடுத்தால் இன்னொரு +1. சேர்ந்து +2, சந்தையைத் தொடாமலேயே! பொருளாதார வரிசை காலியாக இருக்கிறது, அதில் பசுமையைக்கூடப் போடலாம். பசுமை மோர்கன் என்று சொன்னால் கேலி மாதிரி இருக்கும், ஆனால் நிர்வாகத் திறன் +2, கிரகம் +2, எல்லாக் கட்டத்திலும் எனர்ஜி, படைகளை எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். கையேட்டில் வரும் மோர்கனைவிட இந்த மோர்கன் ஆபத்தானவர். செல்வம் திறக்கும் அதே தொழில்நுட்பத்தில்தான் ஒரு கட்டத்தின் விளைச்சலைத் தளத்துக்குக் கொண்டுவரும் சப்ளை க்ராலர் வண்டியும் வருகிறது, எனவே அதை நோக்கி ஓடுவதற்கு இரண்டு காரணம்.

ஆனால் புதிதாக ஆடுபவர்கள் மோர்கனை எடுத்துத் திணறுவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவருடைய பராமரிப்பு -1. சாதாரணமாக ஒரு தளம் இரண்டு யூனிட்டுகளை இலவசமாக வைத்திருக்கும், மோர்கனின் தளம் ஒன்றைத்தான் வைத்திருக்கும். இதன்மேல் எல்லாரும் செய்வதுபோல் ஜனநாயகத்துக்கு மாறினால் இன்னொரு -2, மொத்தம் -3. அந்தப் படியில் இலவச யூனிட்டே கிடையாது, புதிய தளத்துக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் கனிமமும் கிடையாது. பரவ வேண்டிய நேரத்தில் பரவல் நின்றுபோகும். போதாததற்கு, மற்றவர்களின் தளம் குடியிருப்பு வளாகம் கட்டாமல் 7 வரை வளரும்போது அவருடையது 4-இல் நிற்கும். அதனால் மோர்கனிடம் ஜனநாயகத்தைத் தள்ளிப்போடுங்கள். நிறையச் சிறு தளங்களைப் போட்டு முடித்த பிறகு யோசிக்கலாம்.

இப்போது யாங்கையும் லாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கதையிலும் எதிரிகள், கணக்கிலும் எதிர்த்துருவங்கள்.

யாங்கின் ஹைவ் அணிக்கு வளர்ச்சி +1, உற்பத்தி +1, பொருளாதாரம் -2, எல்லாத் தளத்திலும் இலவசமாக ஒரு அரண். ஜனநாயகம் தடை. ஆனால் இத்தனைக்கும் மேல் ஒரு வரி இருக்கிறது: நிர்வாகத் திறனில் வரும் கழித்தல் எதுவும் அவரைப் பாதிக்காது. அவசரத்தில் படிப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போலீஸ் ஆட்சியின் விலை நிர்வாகம் -2. திட்டப் பொருளாதாரத்தின் விலையும் நிர்வாகம் -2. வேறு யாராவது இரண்டையும் சேர்த்து எடுத்தால் -4, எனர்ஜி வருமானம் தலைநகரைத் தாண்டி வந்து சேராது. யாங்குக்கு இரண்டுமே இனாம். கூடவே செல்வத்தையும் போட்டால் உற்பத்தி +3, எல்லாமே 30% மலிவு. போலீஸ் +2 என்பதால் ஒரு தளத்தில் மூன்று யூனிட் வரை போலீஸாக நிறுத்தலாம். பராமரிப்பு +2 என்பதால் ஒரு தளம் நான்கு யூனிட்டுகளை இலவசமாக வைத்திருக்கும். மூன்று போலீஸ்காரர்களுக்கும் சம்பளம் கிடையாது என்று அர்த்தம்! போலீஸ் ஆட்சிக்குத் தேவையான தொழில்நுட்பம் அவர் கையில் முதல் சுற்றிலிருந்தே இருக்கிறது. இந்த மாதிரி ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும் அணி இந்த ஆட்டத்தில் வேறு இல்லை என்று ஒரு காலத்தில் அடித்துச் சொல்வேன், இப்போது கொஞ்சம் தயங்குவேன், அதற்குக் காரணம் லால்.

கம்ப்யூட்டர் ஆடும்போது யாங் ஏன் எப்போதும் முதல் இரண்டு இடத்துக்குள் நிற்கிறார் என்பதும் இதிலிருந்து புரியும். கம்ப்யூட்டருக்கு நிதானமாகக் கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரியாது, ஒவ்வொரு தலைவரும் தனக்குப் பிடித்த தேர்வைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். யாங்குக்குப் பிடித்தது போலீஸ் ஆட்சி, அதன் தீங்கு அவரைத் தொடுவதில்லை. கண்டபடி தளம் போட்டுப் பரப்புவது கம்ப்யூட்டரின் பழக்கம், இலவச அரண் இருப்பதால் அப்படிப் பரப்பிய தளங்கள் எளிதில் விழுவதும் இல்லை. மடத்தனத்தைத் தாங்கும் அணி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

லாலிடம் வருவோம். நிர்வாகம் -1. நான்கு குடிமக்களுக்கு ஒருவர் கூடுதலாகத் திறமைசாலி, அதாவது கலகத்தை ஈடுகட்டும் மகிழ்ச்சியான குடிமகன். தளத்தின் மக்கள்தொகை வரம்பை இரண்டு தாண்டலாம், அதாவது வளாகம் இல்லாமலேயே 9 வரை. கவுன்சில் நடத்தும் கவர்னர் தேர்தலிலும், ஜெயித்தால் ஆட்டமே முடியும் உச்சத் தலைவர் தேர்தலிலும் ஓட்டு இரட்டிப்பு. தடை செய்யப்பட்டது போலீஸ் ஆட்சி, லாலாக ஆடும் யாருக்கும் அது தேவைப்படப் போவதில்லை. மூடிய கதவு இலவசம் என்றேனே, அது இவருக்குத்தான் அதிகம் பொருந்தும்.

பார்க்க மந்தமான பட்டியல். ஆனால் வளர்ச்சி +6 என்ற படியை நினைத்துப் பாருங்கள். அந்தப் படியைத் தொட்டால், உபரியாக இரண்டு உணவு இருக்கும் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு சுற்றும் ஒரு ஆள் வளரும். களஞ்சியம் நிரம்பக் காத்திருக்க வேண்டியதில்லை, சுற்றுக்கு ஒருவர், அவ்வளவுதான். ஆடுபவர்கள் இதை பாப் பூம் என்பார்கள். எப்படித் தொடுவது? ஜனநாயகம் +2, திட்டப் பொருளாதாரம் +2, தளத்தில் குழந்தைகள் காப்பகம் +2. ஆறு. லால் இதை வெகு சீக்கிரம் செய்யலாம், ஜனநாயகமும் காப்பகமும் ஒரே தொழில்நுட்பத்தில் வருகின்றன. ஜனநாயகத்தின் நிர்வாக +2-ஐத் திட்டப் பொருளாதாரத்தின் -2 தின்றுவிடும், மிஞ்சுவது அவருடைய சொந்த -1, அதைத் தாங்கிக்கொள்ளலாம். மற்ற சிலரும் இதைச் செய்ய முடியும் என்பது உண்மைதான். ஆனால் அவர்களின் தளம் 7-இல் முட்டி நிற்கும், திடீரென்று பெருகிய மக்கள் கலகம் செய்வார்கள். லாலின் தளம் 9 வரை போகும், பெருகும்போதே நான்கு பேருக்கு ஒரு திறமைசாலி சேர்ந்து வருவதால் ஊர் அமைதியாக இருக்கும். மக்கள்தொகைதான் கவுன்சிலில் ஓட்டு, அதுவும் இரட்டிப்பு. கவர்னர் பதவி கிட்டத்தட்ட உங்கள் வீட்டுச் சொத்து. கவர்னருக்கு எல்லா அணிகளின் உள்விவரமும் உளவாளி அனுப்பாமலேயே தெரியும், வணிக வருமானமும் கொஞ்சம் கூடும். கடைசியில் உச்சத் தலைவராக முக்கால்வாசி ஓட்டு வேண்டும், அந்த நேரத்தில் லாலுக்கு யாரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்ற பட்டியல் மற்றவர்களுடையதைவிட ரொம்பச் சின்னது. பூம் முடிந்ததும் திட்டப் பொருளாதாரத்தை விட்டுவிட்டுச் சந்தைக்கு மாறிவிடலாம். மாறுவதற்குக் கொஞ்சம் எனர்ஜி செலவாகும், அது சில சுற்றுகளில் திரும்பி வந்துவிடும்.

இதே கண்ணோடு யாங்கைத் திரும்பப் பாருங்கள். பிறவி வளர்ச்சி +1, திட்டப் பொருளாதாரம் +2, காப்பகம் +2. ஐந்து. ஒரே ஒரு எண் குறைவு. ஜனநாயகக் கதவு மூடியிருப்பதால் அந்த ஒன்றை அவர் பொற்காலத்தில், அதாவது தளத்தில் மக்கள் மிக மகிழ்ச்சியாக இருக்கும் நேரத்தில்தான் தேட வேண்டும், பொருளாதாரம் -2 உள்ள அணிக்கு மக்களை மகிழ்விக்கப் பணம் ஏது? பட்டியலில் வளர்ச்சிக்குக் கூட்டல் குறி போட்டிருக்கும் ஒரே அணி, பாப் பூமை மற்றவர்களைவிடக் கஷ்டப்பட்டுத் தொடும் அணியும் அதுவே. வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றேதான் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால் யாங்குடன் ஆடும்போது பெரிய தளங்களைக் கனவு காணாதீர்கள். சின்னச் சின்னதாக, நெருக்கமாக, கிரகம் முழுக்க. அவர் நடுப்பகுதி வரை எல்லாரையும் மிரட்டுவார், அப்புறம் லாலோ ஸகாரோவோ உயிரோடு இருந்தால் எனர்ஜியில் பின்தங்குவார்.

ஸகாரோவின் பல்கலைக்கழகத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் இரண்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். முதலாவது, அவருடைய இரண்டு பலவீனங்களுக்கும் ஒவ்வொரு சீக்ரெட் ப்ராஜெக்ட் (ஒரே ஒரு அணி மட்டும் கட்டக்கூடிய பெரும் கட்டுமானம்) மருந்தாக இருக்கிறது. நான்கு பேருக்கு ஒரு கலகக்காரர் கூடுதல் என்பது அவர் தண்டனை. எல்லாத் தளத்திலும் இலவச நெட்வொர்க் நோடு என்ற ஆராய்ச்சிக் கட்டடம் பரிசு. விர்ச்சுவல் வேர்ல்ட் என்ற ப்ராஜெக்டைக் கட்டினால் ஒவ்வொரு நெட்வொர்க் நோடும் கலகத்தைக் குறைக்கும் ஹாலோகிராம் தியேட்டராகவும் வேலை செய்யும். பரிசே தண்டனைக்கு மருந்தாகிவிடும், புதிதாகப் போடும் தளத்துக்கும் பிறந்த அன்றே தியேட்டர். மற்ற அணிகளுக்கு விர்ச்சுவல் வேர்ல்ட் ஒரு நல்ல ப்ராஜெக்ட், ஸகாரோவுக்கு அது இல்லாமல் ஆட்டமே இல்லை. யாராவது முந்திக்கொண்டால் அந்தத் தளத்தைப் போய்ப் பிடிப்பதுதான் அடுத்த வேலை. க்ராலர்களை வரிசையாகக் கட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றின் முழுக் கனிம மதிப்பும் ப்ராஜெக்டில் சேரும் என்பதால் முந்துவது அவ்வளவு கஷ்டமும் இல்லை. இரண்டாவது மருந்து ஹண்டர்-சீக்கர் அல்காரிதம், அது வந்தபின் எதிரியின் ப்ரோப் டீம்கள் (உளவுப் படைகள்) அவரை ஒன்றும் செய்ய முடியாது.

மற்ற விஷயம் எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த சின்னத் திருட்டுத்தனம். ஸகாரோவின் உளவு -2. அறிவு என்ற விழுமியத்தை எடுத்தால் ஆராய்ச்சி +2, நிர்வாகம் +1, விலை உளவு -2. கூட்டினால் -4 வரும், பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் உளவு அளவீடு -2-இல் தரை தட்டிவிடுகிறது. அதற்குக் கீழே படி இல்லை. ஏற்கெனவே தரையில் படுத்திருப்பவரை இன்னும் கீழே தள்ள முடியாதே, அறிவு ஸகாரோவுக்கு முழுக்க இலவசம். ஆராய்ச்சி +4, 40% கூடுதல். அணித் திரையில் எழுதியிருக்கும் +2 அல்ல, இந்த இலவச +2-தான் அவருடைய பலம்.

உளவின் மறுமுனையில் மிரியம் நிற்கிறார். பிறவி +1, மத ஆட்சி +2, சேர்ந்து +3. அந்தப் படியில் அவருடைய தளத்தையும் யூனிட்டையும் யாரும் விலைக்கு வாங்க முடியாது. மிரியத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் குறைவு. ஆராய்ச்சி -2, முதல் பத்து வருடம் ஆராய்ச்சியே கிடையாது, அறிவு என்ற கதவும் மூடியிருக்கிறது. சரி, ஆனால் அவர் ஆராய்ச்சி செய்ய வந்தவர் இல்லையே. தாக்கும்போது 25% கூடுதல், தளத்துக்கு நான்கு இலவச யூனிட். தொழில்நுட்பம் பக்கத்து வீட்டில் இருக்கிறது, அதை ப்ரோப் டீமோ படையோ கொண்டு வரும். ஸகாரோவுக்குப் பக்கத்தில் மிரியம் பிறந்தால் அந்த ஸகாரோவை மறந்துவிடலாம்.

இங்கே சாந்தியாகோவைக் கொண்டு வந்து மிரியத்தின் பக்கத்தில் நிறுத்துகிறேன், ஏனென்றால் போர் அணி என்றால் முதலில் சொல்லப்படும் பெயர் சாந்தியாகோவின் ஸ்பார்ட்டன்கள்தான். மன உறுதி +2. படிக்கட்டைப் பாருங்கள்: மன உறுதி +1 என்றால் யூனிட்டுகள் ஒரு நிலை உயரும். +2 என்றால்? தாக்கும்போது அதே ஒரு நிலைதான், தற்காக்கும்போது மட்டும் இரண்டு. ஒரு நிலை என்பது 12.5%. அதாவது சண்டைக்காகவே பிறந்த அணி தாக்குதலில் பெறும் லாபம் 12.5%, பைபிளைக் கையில் வைத்திருக்கும் மிரியம் பெறுவது 25%. சாந்தியாகோவுக்குக் கூடவே உற்பத்தி -1, எல்லாம் 10% விலை அதிகம். மன உறுதியை மேலே ஏற்ற அதிகாரம் என்ற விழுமியத்தை எடுக்கலாம், அது +4-இல் கொண்டு போய் நிறுத்தும், மூன்று நிலைகள், ஆனால் உற்பத்தியில் இன்னும் -2, மொத்தம் -3. நல்ல வீரன் ஒருவனை 30% கூடுதல் விலை கொடுத்துச் செய்வதா, மூன்று சாதாரண வீரர்களை அனுப்புவதா? உற்பத்தியைக் கூட்டும் செல்வம் அவருக்குத் தடை. அவரிடம் எனக்குப் பிடித்த ஒரே விஷயம், புதிய வடிவ யூனிட்டுகளுக்கு முன்மாதிரிச் செலவு கிடையாது என்பது. அந்த லாபத்தைச் சரியான நேரத்தில் பயன்படுத்தினால் கொஞ்சம் வேகம் கிடைக்கும், மறுக்கவில்லை.

சரியான நேரம் என்று ஒன்று இருக்கிறது, அது இரண்டு பேருக்கும் பொது. பார்ட்டிகிள் இம்பாக்டர் என்ற ஆயுதத்தின் பலம் 4. அது கிடைக்கும் காலத்தில் பெரும்பாலானவர்களின் கவசம் 1 அல்லது 2. ஆயுதம் கவசத்தை இவ்வளவு முந்தி நிற்கும் காலம் ஆட்டத்தில் மறுபடி அவ்வளவு சுலபமாக வராது. இம்பாக்டர் பொருத்திய ரோவர்கள் ஐந்தாறு கையில் இருந்தால் பக்கத்து அணியை விழுங்கிவிடலாம், யாங்காக இல்லாத பட்சத்தில், ஏனென்றால் அந்த இலவச அரண் அவரது தற்காப்பை இரட்டிப்பாக்கும். மிரியத்துக்கு இருக்கும் சிக்கல், அந்த ஆயுதத்தைத் தானே கண்டுபிடிக்க அவருக்கு நேரமாகும். வேறு யாரிடமாவது பேரம் பேசி வாங்குங்கள், பிறகு கொடுத்தவர் மேலேயே பாயுங்கள். நியாயம் இல்லைதான், ஆனால் மிரியமாக ஆடும்போது நியாயம் பார்த்தால் பத்து வருட ஆராய்ச்சிப் பட்டினியை எதை வைத்து ஈடுகட்டுவது?

மிச்சம் டியர்ட்ரே. கயா அணியை நான் பலம் பலவீனம் என்று எடைபோடுவதே இல்லை, அது வேறு ஒரு ஆட்டம். இந்தக் கிரகத்தின் புழுக்களோடு நடக்கும் சண்டையில் ஆயுதமும் கவசமும் கணக்கில் வராது, யார் முதலில் தாக்குகிறார்கள் என்பது முக்கியம், தரையில் தாக்குபவருக்கு மூன்றுக்கு இரண்டு என்ற சாதகம். டியர்ட்ரேயின் கிரக அளவீடு கூட்டலில் இருப்பதால், புழுக்கள் வாழும் பூஞ்சைக்குள் போகும் அவருடைய சாதாரண ஸ்கௌட் (வேவுப் படை) சில நேரம் புழுவைக் கொல்வதற்குப் பதிலாகப் பழக்கிக் கூட்டிக்கொண்டு வரும். எல்லாரும் கையில் துப்பாக்கியோடு நிற்கும் காலத்தில் அவர் புழுப் படையோடு வருவார், அந்தப் படைக்கு முன்னால் எந்த விலையுயர்ந்த கவசமும் வீண். மன உறுதி -1 என்று போட்டிருப்பதைப் பார்த்து அவரைச் சாது என்று நினைக்கும் ஆட்கள்தான் அவருக்கு முதல் உணவு. நிர்வாகத் திறனில் பிறவி +2, பசுமையில் +2, நான்காகிவிடும், தலைநகரிலிருந்து தூரத்தில் தளம் போட்டாலும் எனர்ஜி அவ்வளவாக வீணாகாது. பரந்து விரிந்த அணிக்கு அதைவிட என்ன வேண்டும். சந்தை தடை என்பதால் பொருளாதாரத்தின் +2 படியை மட்டும் அவரால் எளிதில் தொட முடியாது, அந்தக் குறை கடைசி வரை கூடவே வரும். காடுகளை நடுங்கள். காடு தானாகப் பரவும், ஆரம்பக் காலத்து விளைச்சல் வரம்புகளால் அதற்குப் பாதிப்பும் இல்லை. இது எல்லா அணிக்கும் பொருந்தும் அறிவுரைதான், டியர்ட்ரேயிடம் சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்று இங்கே வைத்தேன்.

அதே 1999-இல் வந்த ஏலியன் கிராஸ்ஃபயர் என்ற விரிவாக்கத்தில் இன்னும் ஏழு அணிகள் உண்டு. வேற்றுக்கிரக அணிகள் இரண்டையும் நான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத்தான் ஆடுவேன், சமநிலை என்று ஒன்று அங்கே இல்லை. மனித அணிகளில் டோமாயின் ஃப்ரீ ட்ரோன்ஸ் மட்டும் இந்தப் படிக்கணக்குக்கு அழகாகப் பொருந்தும்: பிறவி உற்பத்தி +2, திட்டப் பொருளாதாரமும் செல்வமும் சேர்ந்தால் +4, எல்லாம் 40% மலிவு. யாங்கே பொறாமைப்படும் எண். பதிலுக்கு ஆராய்ச்சி -2, அதை மிரியத்தின் வழியில் சமாளிக்க வேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று, எந்தக் கணக்கிலும் அடங்காதது. ஒவ்வொரு தலைவருக்கும் பிடித்த ஒரு தேர்வு இருக்கிறது, நீங்கள் அதை எடுத்தால் நண்பர், வேறு எடுத்தால் முறைப்பு. லால் ஜனநாயகம் கேட்பார், யாங் போலீஸ் ஆட்சி, மிரியம் மத ஆட்சி, மோர்கன் சந்தை, டியர்ட்ரே பசுமை, ஸகாரோவ் அறிவு, சாந்தியாகோ அதிகாரம். இதில் முதல் மூன்றும் ஒரே வரிசையில் வருகின்றன, மூன்று பேரையும் ஒருசேரத் திருப்திப்படுத்த வழியே இல்லை. அதனால் பாப் பூமுக்காக ஜனநாயகத்துக்கு மாறும்முன் எல்லையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மிரியம் மட்டும் என்றால் எல்லைத் தளங்களில் கவசத்தையும் அரணையும் போட்டுவிட்டு மாறலாம். யாங் மட்டும் என்றால் நடுவில் கடல் இருக்கும் வரை மாறலாம். இரண்டு பேரும் ஒரே கண்டத்தில் உங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தால், அதுவும் ஆட்டத்திலேயே மிகக் கடினமான டிரான்ஸெண்ட் நிலையில், புது வரைபடம் கேட்டு மறுபடி தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.